பல் வைத்த பெரியவள்

மெரெத்தின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றை மண்சுவர். அந்தப் பக்கம் அவள் கல் இடித்தால் இந்தப் பக்கம் என் பீர்ச் சாடிகள் அதிரும். விடிந்ததும் முதலில் காதில் விழுவது வாய்க்கால் நாரைகளின் கூச்சல், அடுத்தது மெரெத்தின் உலக்கை. வருஷத்துக்கு ஒரு வெள்ளமாக, இருபத்தெட்டு வெள்ளம் அப்படிக் கேட்டேன். இப்போது அவள் மேற்கு மலைக் கல்லறையில், புருஷன் வாக்காவின் பக்கத்தில் படுத்திருக்கிறாள். என் சாடிகள் அதிர்வதில்லை. அதனால் பீர் ஒன்றும் நன்றாக ஆகிவிடவில்லை.

அவளுக்குத் தொழில் தாயத்துச் செய்வது. வெள்ளை வெங்கச்சங்கல்லை இடித்து, சலித்து, மறுபடி இடித்து, மாவை விட மெல்லிசாக்குவாள். அந்தப் பொடி அவள் புருவத்திலும் முடியிலும் கழுத்து மடிப்பிலும் படிந்தே கிடக்கும். மத்தியான வெயில் கூரைத் துளை வழியாக இறங்கும்போது அவள் வீட்டுக்குள் போனால், வெள்ளைப் புகைக்கு நடுவில் ஒரு வெள்ளை மனுஷி உட்கார்ந்திருப்பாள். கண்ணும் வாயும் மட்டும்தான் கறுப்பு. சில நேரம் எனக்கு, அவள் இன்னும் முழுதாகப் பிறக்கவில்லை, பாதிக் கனவில் நிற்கிறாள் என்று தோன்றும். அப்புறம் அவள் வாயைத் திறப்பாள்.

"என்ன தெப்பி, வாசல்ல நின்னு வெளிச்சத்த மறைக்கிற? உன் இடுப்புக்கு இன்னொரு வாசல் வெட்டணும்."

பொடியோடு உவர் உப்பும் செம்புத் துருவலும் சேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைவாள். ரொட்டி மாவு மாதிரி அது சொன்னபடி கேட்காது, உதிரும். களிமண் அச்சில் அழுத்தி எடுத்து நிழலில் வைப்பாள். தவளை, முயல், மீன், பருந்து, முதலை, ஈ, வண்டு என்று பனையோலைத் தட்டில் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் கிடக்கும். காயக் காய அவற்றின் மேல் உப்பு பூக்கும், விடியற்காலைப் பனி மாதிரி. அந்தப் பூவைத் தொடக் கூடாது, விரல் பட்ட இடத்தில் நீலம் ஏறாது. சூளையில் வெந்து வெளியே வரும்போது அத்தனையும் நீலம். சாம்பலுக்குள் கையை விட்டு வானத்தைத் துண்டு துண்டாக எடுக்கிற மாதிரி எடுப்பாள்.

யாருக்கு எந்த விலங்கு என்று அவளுக்குத் தெரியும். தூங்கக் கூடாத காவல்காரனுக்கு முயல், அது கண்ணை மூடாமல் தூங்கும். தண்ணீரில் விளையாடுகிற பிள்ளைகளின் சடையில் மீன். குழந்தை வேண்டும் என்பவளுக்குத் தவளை, வெள்ளம் வடிந்த சேற்றில் அது போடுகிற முட்டைகளை யார் எண்ணியது?

"ஈ எதுக்கு மெரெத்து?" என்று ஒருமுறை படகுக்காரன் பெண்டாட்டி கேட்டாள்.

"விரட்ட விரட்டத் திரும்பி வரும். விட்டுக் கொடுக்காது."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடு."

"அவருக்கு எதுக்குடி? அவரு ஏற்கெனவே அப்படித்தான்."

பிள்ளைத்தாச்சிகளுக்குப் பெரியவள். மெரெத்தின் அச்சுகளிலேயே பழையது அதுதான், அவள் அம்மாவின் அம்மா கையால் செய்தது. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிற நீர்யானைத் தெய்வம். சரிந்த முலை, தள்ளிய வயிறு, சிங்கத்தின் பாதம், முதுகு நெடுக முதலை வால். எங்கள் ஊரில் அவளை இடுப்பில் கட்டாமல் யாரும் பிரசவக் கல்லில் ஏறியதில்லை. என் ஐந்து பிள்ளைகளுக்கும் மெரெத் செய்த பெரியவள்தான் காவல் நின்றாள். நான்கு பேர் இருக்கிறார்கள்.

நீர்யானை என்றால் எங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பெரியவள். இன்னொன்று செவலை. நான்கு காலில் வந்து பார்லி வயலைத் துவைப்பது, படகைக் கவிழ்ப்பது, கேடு செய்கிற சேத் கடவுளின் சிவந்த ஆண் விலங்கு. இரண்டும் ஒரே தண்ணீரில், ஒரே சேற்றுக்குள் மூச்சு விட்டாலும் இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டோம். குழப்பிக்கொள்ள மாட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

மெரெத்தின் புருஷன் வாக்கா கோரை அறுக்கிறவன். சாதுவான ஆள். மோசமாகப் பாடுவான், பாடுகிறான் என்று தெரியாமலே பாடுவான். ஒரு வெள்ளக் காலத்தில் அவனும் மகன் கெத்தியும் கோரைத் தெப்பத்தில் போனார்கள். கெத்திக்கு அப்போது மீசை முளைத்துவிட்டது. திரும்பி வந்தது கெத்தி மட்டும், பாதித் தெப்பத்தில்.

அவன் சொன்னதைக் கேட்டவர்கள் மெரெத்தும் நானும். கோரைக்குள் நீர்யானைக் குட்டி இருந்திருக்கிறது, தெரியாமல் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் தெப்பத்தை விட்டுவிட்டார்கள். தண்ணீர் ஒரு கணம் அமைதியானது. அப்புறம் அவள் எழுந்தாள். ஒரே கடி.

கோவில் எழுத்தர் வந்தார். மடியில் ஓலைத்தாளை விரித்துக்கொண்டு, "செவலைன்னு போட்டுக்கறேன்" என்றார்.

"தாய் அது. கெத்தி பாத்திருக்கான்" என்றாள் மெரெத்.

"பெரியவ அப்படிச் செய்ய மாட்டாம்மா. எழுதினா நாளைக்கு ஊர்ல ஒரு புள்ளத்தாச்சி தூங்குவாளா?"

மெரெத் அவர் கையிலிருந்த நாணல் எழுதுகோலைப் பார்த்தாள். "எழுதிக்கோங்க. எழுதறதுக்குத்தானே உங்களுக்குச் சோறு."

அன்றோடு அவள் பெரியவளைச் செய்வதை விட்டாள். அச்சை உடைக்கவில்லை, தண்ணீர்ச் சாடிக்கு அடியில் குப்புறப் போட்டுவிட்டாள். பிள்ளைத்தாச்சிகள் வந்தால் தவளையைக் கொடுத்தாள். கெஞ்சினால், "அவ வேலைக்கு நான் ஆள் இல்ல, அடுத்த ஊருக்குப் போ" என்பாள். ஊரில் பேசினார்கள். புருஷன் போன துக்கத்தில் இவளுக்குக் கை மறந்துவிட்டது என்றார்கள். அவளுக்குக் கை எதையும் மறக்காது.

இரண்டு வெள்ளம் கழித்துக் கெத்தி ஹெனுத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். படகுத்துறைப் பெண். அக்கரைக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகின தொண்டை. முதல் நாளே, மாமியாரின் வெள்ளை முகத்தைப் பார்த்து, "அத்தே, உங்கள இன்னும் சூளையில வைக்கலையா?" என்று கேட்டாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டேன். மெரெத் சொன்னாள்: "வெச்சிருந்தா நீலமாயிருப்பேன். உன்ன மாதிரி கருகியிருக்க மாட்டேன்." இரண்டு பேருக்கும் அன்றே பிடித்துவிட்டது. காட்டிக்கொள்ளத்தான் வருஷங்கள் ஆயின.

ஹெனுத் முதல்முறை உண்டானபோது மெரெத் ஒரு தவளை செய்தாள். அவள் கையிலிருந்து வந்த தவளைகளிலேயே அழகானது, கண்ணிமை கூடத் தெரியும். ஐந்தாம் மாசம் கலைந்துபோயிற்று. துணிகளை மெரெத்தே வாய்க்காலுக்குக் கொண்டுபோய் அலசினாள், என்னைக் கூடத் தொட விடவில்லை. நாலாம் நாள் ஹெனுத் எழுந்து வந்து, தவளையைக் கழற்றி மாமியாரின் இடிகல் மேல் வைத்தாள்.

"உங்க தவள நல்லா நீந்துது அத்தே. என் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு."

மெரெத் தவளையை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். ஊரே பதில் சொன்னது. பெரியவளை மறுத்த வீட்டில் பிள்ளை எப்படித் தங்கும் என்று கிணற்றடியில் என் காதுபடவே பேசினார்கள்.

மறுபடி ஹெனுத் உண்டானது போன வெள்ளத்துக்கு ஐந்து வெள்ளம் முன்னால். கெத்தி அரசரின் கல் ஏற்றும் படகுகளில் வேலைக்குப் போயிருந்தான். தண்ணீர் ஏறி ஏறி வயல் எல்லாம் மறைந்து, எங்கள் தெரு மட்டும் மேட்டில் ஒரு தெப்பம் மாதிரி நின்றது. சுவரில் நாள் முழுக்க நீர் வெளிச்சம் ஆடும். படுத்தால் வீடே மெல்ல நகர்வது போலிருக்கும். அந்த மாசங்களில் எல்லோருக்கும் கனவு அதிகம்.

ஹெனுத்துக்கும் வந்தது. எட்டாம் மாசம், ஒருநாள் காலையில் ரொட்டிக்கு வந்தவள் சொன்னாள்: "தெப்பிக்கா, எங்க முற்றத்துல தண்ணி நிக்குது. அதுக்குள்ள ஒரு பெரிய முதுகு. ஈரமா, மினுமினுன்னு. தலைய மட்டும் தூக்கி, 'உள்ள வரட்டுமா?'ன்னு கேக்குது. நான் யாருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்குது."

"நீ என்ன சொன்ன?"

"ரொட்டி வேகலை, அப்பறம் வான்னேன்."

சிரித்தோம். ஆனால் அவள் கை வயிற்றின் பக்கவாட்டில், துணிக்கு உள்ளே எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது என்ன என்பது அன்று மத்தியானம் தெரிந்தது. புழுக்கம் தாங்காமல் ஹெனுத் முற்றத்தில் உட்கார, மெரெத் அவள் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நனைந்த துணி உடம்போடு ஒட்டியபோது இடுப்பில் ஒரு நூல் தெரிந்தது.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா முடிச்சுப் போட்டு வெச்சிருக்க?"

ஹெனுத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பெரியவ. நீங்க செய்ய மாட்டீங்க. தெற்கேருந்து வந்த படகுக்காரன்கிட்ட வாங்கினேன், என் சீப்பு ரெண்டையும் குடுத்து. உண்டானதுலேருந்து கட்டியிருக்கேன். இப்ப என்ன, அடிக்கப் போறீங்களா?"

மெரெத் அடிக்கவில்லை. குனிந்து நூலை விரலில் தூக்கிப் பார்த்தாள். சிவப்புக் கல். கட்டைவிரல் நீளம். தலை மேலே, வயிறு முன்னே, நூலில் நிமிர்ந்து தொங்கியது. எனக்குப் பெரியவளாகத்தான் தெரிந்தாள், கொஞ்சம் தேய்ந்த பெரியவள்.

மெரெத்தின் முகம் மாறியது. முடிச்சை அவிழ்த்தாள். அதை என் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள்.

நான்கு காலில் நின்றது.

துளையை மூக்கில் போட்டிருந்தான் பாவி. நூலில் கோத்தால் நிமிர்ந்து தொங்கும், இறக்கி வைத்தால் இதுதான். குட்டை வால், தடித்த கழுத்து, சிவந்த உடம்பு. எட்டு மாசமாக ஹெனுத் தன் வயிற்றின் மேல் செவலையைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

சுவரில் தண்ணீர் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. அது தன் நாலு காலில், எங்கள் மூவரையும் விட நிதானமாக நின்றது.

"கனவுல வந்தது..." என்றாள் ஹெனுத். "உள்ள வரட்டுமான்னு..."

"எத்தன கால்ல நின்னுச்சு?" என்று கேட்டாள் மெரெத். "நாலா? ரெண்டா?"

"தண்ணிக்குள்ள நின்னா எத்தன காலுன்னு யாருக்கு அத்தே தெரியும்?"

மெரெத் இடிகல்லை எடுத்துவந்தாள். செவலையைக் கையால் விரட்டினால் பின்னாலேயே வரும், காலை உடைத்தால்தான் நடக்காது. கல்லறையில் வைக்கிற நீர்யானைக்கு அப்படித்தான் செய்வோம். நாலு தட்டு. நாலு கால். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் போய் நான் நாலு திசையில் புதைத்துவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது ஹெனுத் அதே இடத்தில், ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் வயிற்றில்.

"அசையல தெப்பிக்கா. காலையிலேருந்தே அசையல. நான்தான் சொல்லல."

மருத்துவச்சியைக் கூட்டிவந்தேன். அவள் காதை வைத்துக் கேட்டாள், எண்ணெய் தடவினாள், பக்கத்தைத் தட்டினாள். வெகு நேரம் கழித்து உள்ளே ஒரு சின்னப் புரளல். "உசிரு இருக்கு. களைச்சுக் கெடக்கு. நாலஞ்சு நாள்ல வந்துடும்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெரெத்திடம் குரலைத் தாழ்த்தினாள்: "இவள வெறும் இடுப்போட என் கல்லுல ஏத்த மாட்டேன். அப்பறம் எதுவானாலும் எம்மேல பழி வரும்."

மெரெத் நேராகத் தண்ணீர்ச் சாடியிடம் போனாள். அதைச் சாய்த்து அடியிலிருந்த அச்சை எடுத்து, சேறு துடைத்தாள். அவளுக்கு அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். அச்சுக்குள் பெரியவள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது வேணாம்" என்றாள் ஹெனுத்.

"என்னடி வேணாம்? இத்தன நாள் இதுக்குத்தானே..."

"அந்த அச்சுல வர்றவ மொகத்தப் பாத்திருக்கீங்களா அத்தே? உப்புக் கடன் கேக்க வந்தவ மாதிரி இளிச்சுக்கிட்டு நிப்பா. அவளப் பாத்து எது பயப்படும்? செவலை எட்டு மாசம் உள்ள வாடை புடிச்சுட்டுப் போயிருக்கு. அவ போதாது."

"வேற யாரு வேணும் உனக்கு?"

ஹெனுத் மாமியாரை நேராகப் பார்த்தாள். "மாமாவக் கடிச்சவ வேணும்."

என் கையிலிருந்த கிண்ணம் விழவில்லை, அவ்வளவுதான்.

"கெத்தி எல்லாம் சொல்லியிருக்கான்" என்றாள் ஹெனுத். குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "தெப்பத்த ரெண்டா கடிச்சாளாமே. மாமா கெட்டவரில்ல, அவளுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நடுவுல யார் வந்தாலும் கடிப்பா. எனக்கும் நடுவுல வந்திருக்கு அத்தே. எனக்கு அவதான் வேணும். நீங்கதான் செய்யணும். வேற யாருக்கும் அவளத் தெரியாது."

மெரெத் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளைத் திட்டுவாள் என்று நினைத்தேன். வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் அச்சைப் பழைய இடத்தில் வைத்து, சாடியை நிமிர்த்திவிட்டு, உலக்கையை எடுத்தாள்.

அந்தச் சாயந்திரம் முழுக்க என் சாடிகள் அதிர்ந்தன.

மறுநாள் அச்சில்லாமல் கையாலேயே பிடித்தாள். உதிராமலிருக்கக் கருவேலம் பிசின் இரண்டு சொட்டு விட்டாள். ஹெனுத் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து, குத்தகைக்கு எடுத்தவள் மாதிரி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாய் இன்னும் தொறக்கணும்."

"வாயப் பத்தி நீ சொல்லித் தர வேண்டாம். உன்னப் பாத்தே செஞ்சுடுவேன்."

வயிறும் முலையும் பாதமும் ஒரு மூச்சில் வந்துவிட்டன. பல் நிற்கவில்லை. ஊசிமுனையில் எடுத்து வைத்தாள், விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் கேட்டாள்:

"பல்லு எப்படி இருந்துச்சுன்னு கெத்தி சொன்னானா?"

"சொன்னான். கீழ்த்தாடையில ரெண்டு, முன்னால நீட்டிக்கிட்டு. மஞ்சளா. மேல சின்னதா ரெண்டு."

"நான் மேலயே பெருசா வெச்சேன்." விழுந்த பல்லைத் துடைத்து ஓரமாக வைத்தாள். "குட்டி?"

"அவ முதுகுக்குப் பின்னால இருந்துச்சாம். கடைசி வரைக்கும் அவ திரும்பி அதப் பாக்கவேயில்லையாம். இவங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தாளாம்."

மெரெத் தலையை ஆட்டினாள். ஊசியை எடுத்தாள். கீழே இரண்டு, மேலே இரண்டு. நின்றன.

பெரியவளை நிழலில் வைத்துக் காத்திருந்தோம். அந்த இரண்டு நாளும் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்று ஞாபகம், உண்மையா தெரியாது. தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஹெனுத் ஓலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். அவள் மூச்சு விட, அந்தச் சாம்பல் உடம்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு பூத்தது. முதலில் முதுகில், அப்புறம் வயிற்றில், கடைசியாக வாய்க்குள், பல் நுனியில். தொடக் கை நீட்டுவாள். மெரெத் தூக்கத்திலேயே, "கைய எடு" என்பாள். பிள்ளை எப்போதாவது ஒருதரம் புரளும். நாங்கள் மூவரும் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் சூளை மூட்டினாள். நாலாம் நாள் காலையில், சூளை ஆறுவதற்கு முன்பே, ஹெனுத்துக்கு வலி வந்துவிட்டது.

மருத்துவச்சி வந்து பிரசவக் கல்லுக்கான செங்கற்களைப் போட்டாள். நீர்யானைத் தந்தத்தில் செய்த வளைந்த கோலால் அவற்றைச் சுற்றிக் காவல் கோடு கிழித்தாள். ஹெனுத் ஏறிக் குந்தினாள், நான் ஒரு பக்கம் தாங்கினேன். வெயில் ஏறியது. பிள்ளை இறங்கவில்லை. ஹெனுத்தின் குரல், அந்த அக்கரைக் குரல், கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. "தூக்கம் வருது தெப்பிக்கா" என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தாயத்து எங்க?" என்றாள் மருத்துவச்சி.

"சூளையில" என்றாள் மெரெத். "இப்பத் தொறந்தா வெடிச்சுடும்."

"தொறக்கலன்னா?"

மெரெத் வெளியே போனாள். சூளை வாயை இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்ன 'டிங்', கிண்ணத்தில் மணி விழுந்த மாதிரி. ஹெனுத்தும் அதைக் கேட்டாள், கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள்.

ஈரத் துணியில் சுற்றி, ஆவி பறக்க எடுத்துவந்தாள் மெரெத். ஒரு காது போயிருந்தது. முதுகில் மயிரிழையாக ஒரு கீறல். மற்றபடி முழுதாக இருந்தாள். அப்படி ஒரு நீலத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வெள்ளத்தின் நடுவில், ஆழமான இடத்தில் தண்ணீர் இருக்குமே, அந்த நீலம். வாய் காது வரை திறந்திருந்தது. இடுப்பில் கட்ட நூல் கோப்பதற்குள் ஹெனுத் கையை நீட்டிப் பறித்துக்கொண்டாள்.

"சுடும்டி!"

"சுடட்டும்."

மூடிய கைக்குள் அவளை வைத்துக்கொண்டாள். மெரெத் பின்னால் போய் உட்கார்ந்து, மருமகளின் இரு தோளுக்கும் அடியில் கையைக் கொடுத்து, தன் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அவள் மேலிருந்த வெள்ளைப் பொடி ஹெனுத்தின் வியர்வையில் கரைந்து இரண்டு பேர் மேலும் சேறாக வழிந்தது.

அடுத்த வலிக்கு ஹெனுத் கத்தவில்லை. அடித்தொண்டையிலிருந்து, வயிற்றுக்கும் கீழே எங்கிருந்தோ, ஒரு உறுமல் வந்தது. சாயந்திரங்களில் கோரைக்குள்ளிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். மனுஷியிடமிருந்து கேட்டதில்லை. மெரெத்தின் கை ஒரு கணம் விறைத்தது. பிறகு இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்படித்தான்" என்றாள் காதோரம். "அப்படித்தான். விடாத."

மூன்றாவது உறுமலில் பிள்ளை மருத்துவச்சியின் கையில் விழுந்தது. பெண். கறுத்து, சுருண்டு, சத்தமில்லாமல்.

பிறந்த பிள்ளை முதலில் எழுப்புகிற சத்தத்துக்குத்தான் எல்லோரும் காத்திருப்போம். 'நி' என்றால் இருக்கும், 'ம்பி' என்றால் போய்விடும். மருத்துவச்சி வாயைத் துடைத்தாள், காலைப் பிடித்துத் தூக்கினாள், முதுகில் தட்டினாள். வெளியே யாரோ ஒரு வாத்தை விரட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம்கூட முடிந்து போயிற்று.

அப்போது அது மூக்கால் சீறியது. கோபமாக, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கின எதுவோ போல.

"இது என்ன கணக்கு? நியும் இல்ல, ம்பியும் இல்ல" என்றாள் மருத்துவச்சி.

"அவங்கம்மா கணக்கு" என்றாள் மெரெத். "இன்னொரு தட்டு தட்டுங்க."

தட்டினாள். "நீ... நீ... நீ..." என்று தெருவே கேட்கிற மாதிரி ஆரம்பித்தது. அப்புறம் நிறுத்தவேயில்லை. நான் அழுதேன். தொப்புள்கொடியைச் சரியாக அறுக்கவில்லை என்று மெரெத் மருத்துவச்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கழுவி முடித்து, பிள்ளையை முலையில் போட்ட பிறகுதான் ஹெனுத்தின் வலது கை இன்னும் மூடியே இருப்பதைப் பார்த்தோம். திறக்க வரவில்லை. மெரெத் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பெரியவள் ரத்தத்தில் கிடந்தாள். அவளை எடுத்ததும் உள்ளங்கையில் நான்கு துளை தெரிந்தது, கீழே இரண்டு பெரிது, மேலே இரண்டு சின்னது. சுற்றிலும் வெந்து சிவந்திருந்தது.

மெரெத் என்னிடம் தேன் கேட்டாள். போய் எடுத்துவந்தேன். நார்த்துணியைத் தேனில் தோய்த்து ஒவ்வொரு துளையிலும் ஒற்றினாள். ஹெனுத் பல்லைக் கடித்துக்கொண்டு மாமியாரின் முகத்தையே பார்த்தாள். பிள்ளை சப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

மெரெத் அந்தக் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். தன் வேலையைச் சரிபார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாளே, அப்படிச் சுருக்கி, வெகு நேரம் பார்த்தாள்.

"நல்லா ஆழமாத்தான் கடிச்சிருக்கா" என்றாள். துணியைக் கிழித்துக் கட்டுப் போட ஆரம்பித்தாள்.